மூணு கட்டை லைட்டும் முந்நூறு ரூபாய் பொய்யும்

எங்க ஊர்ல டார்ச்சுன்னு சொன்னா யாருக்கும் சட்டுனு ஏறாது. பேட்ரி லைட்டுன்னு சொல்லணும். அதுலயும் ரெண்டு கட்டை லைட்டு, மூணு கட்டை லைட்டுன்னு ரகம் உண்டு. கட்டைன்னா உள்ள போடுற செல். எங்க அப்பாகிட்ட இருக்கிறது மூணு கட்டை. நீளமான தகரக் குழாய், முன்னால கண்ணாடி, பக்கவாட்டுல தள்ளுற சுவிட்ச். எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லருந்து அவர் கட்டில் தலமாட்டுல அது கெடக்கு.

டவுன்ல இருக்கிற உங்களுக்கு பேட்ரி லைட்டுங்கிறது கரண்ட் போனா அஞ்சு நிமிசம் செல்போன்ல தட்டி விடுற சமாச்சாரம். எங்களுக்கு அது மண்வெட்டி மாதிரி ஒரு சாமான். விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம்தான். ஆனா கெணத்து மோட்டார் ஓட மூணு பேஸ் வேணும். அது பகல்ல கொஞ்ச நேரம், ராத்திரியில கொஞ்ச நேரம்னுதான் வரும். ராத்திரி முறைன்னா பதினொரு மணிக்கு மோட்டாரப் போட்டுட்டு, விடியற வரைக்கும் பாத்தி பாத்தியா மடை திருப்பிக்கிட்டே நிக்கணும். ஒரு பாத்தி நெறைய அரை மணி நேரம் ஆகும். அரை மணிக்கொருக்கா வரப்புல நடக்கணும். எங்க தோட்டத்துல வாழை. கீழ பூராவும் காஞ்ச சருகு மெத்தை மாதிரி கெடக்கும்.

ராத்திரியில நாங்க பாம்புன்னு சொல்லமாட்டோம். பூச்சின்னுதான் சொல்லுவோம். பேரச் சொன்னா வந்துரும்னு ஒரு பயம். சொல்லாம இருந்தாலும் அது வரத்தான் செய்யும். இந்தியாவுல 2000-லருந்து 2019 வரைக்கும் இருபது வருசத்துல பாம்புக்கடியில ஏறக்குறைய 12 லட்சம் பேர் செத்துப்போனாங்கன்னு ஒரு ஆய்வு கணக்குப் போட்டிருக்கு. வருசத்துக்கு 58,000 பேர். அதுல பெரும்பாலானவங்க எங்கள மாதிரி கிராமத்து ஆளுங்க.

பக்கத்துத் தோட்டத்து மாமாவை மூணு வருசத்துக்கு முன்னாடி கண்ணாடி விரியன் கடிச்சது. தண்ணி கட்டும்போதுதான். நேரா பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினதால உசுரு பொழச்சார். ஆனா விரியன் வெசம் கிட்னியப் புடிக்கும். டயாலிசிஸ் எல்லாம் பண்ணி, பதினெட்டு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தார். இன்னைக்கும் அவர் வரப்புல நடக்கும்போது ஒவ்வொரு அடியும் யோசிச்சுத்தான் வைப்பார்.

இதெல்லாம் தெரிஞ்சும் நான் சந்தையில 350 ரூபாய்க்கு ஒரு சார்ஜ் லைட்டு வாங்கி வச்சிருந்தேன். அட்டைப்பெட்டியில '5 கி.மீ. தூரம்'னு பெருசா போட்டிருந்தது. அடிச்சா கண்ணு கூசும். நீலம் பாரிச்ச வெள்ளை வெளிச்சம். அப்பாவோட மூணு கட்டை லைட்டு அதுக்குப் பக்கத்துல அகல் வெளக்கு மாதிரி இருக்கும். நான் சிரிப்பேன். அவர், "கண்ணு, வெளிச்சம் நெறைய இருந்தா மட்டும் ஆவாது. மண்ணு மண்ணாத் தெரியோணும், சருகு சருகாத் தெரியோணும்"னு சொல்லுவார். வயசானவங்க பேச்சுன்னு விட்டுட்டேன்.

போன மார்கழியில ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும். மடை திருப்பிட்டு வந்துக்கிட்டிருந்தேன். கையில அந்த 350 ரூபாய் லைட்டு. முன்னால பளீர்னு வெளிச்சம். காலடியில எல்லாம் சாம்பல் நெறம். அடுத்த அடி வைக்கக் கால் தூக்கினப்போ பிரஷர் குக்கர்ல விசில் வர்றதுக்கு முன்னாடி ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அந்தச் சத்தம். அப்படியே நின்னுட்டேன். லைட்ட நேரா கீழ அடிச்சுப் பாத்தும் முதல்ல எனக்கு ஒண்ணும் தெரியல. சருகுதான் தெரிஞ்சது. அப்புறம் அந்தச் சருகுல ஒரு துண்டு மெதுவா நகர்ந்துச்சு. என் காலுக்கும் அதுக்கும் ஒரு முழம்கூட இருக்காது.

பின்னாலயே நகர்ந்து வந்து மோட்டார் ரூம் திண்ணையில உக்காந்துட்டேன். விடியற வரைக்கும் எழுந்திரிக்கல. ஒரு பாத்தி நெறஞ்சு வழிஞ்சு, வாய்க்கால் ஒடைஞ்சு, பக்கத்துக் காட்டுக்குத் தண்ணி போயிடுச்சு. போகட்டும்னு விட்டுட்டேன்.

கண்ணாடி விரியனப் பகல்ல பாத்தவங்களுக்குத் தெரியும், அது ஒண்ணும் மறைஞ்சிருக்கிற நெறம் கெடையாது. பழுப்பு ஒடம்புல சங்கிலி கோத்த மாதிரி கரும்பழுப்பு வட்டங்க. அவ்வளவு தெளிவான கோலம். அது ஏன் அவ்வளவு பளீர் வெளிச்சத்துல எனக்குத் தெரியல? இந்தக் கேள்விதான் மண்டையக் கொடஞ்சுது. கோயமுத்தூர்ல ஒரு பம்ப்செட் கம்பெனியில எட்டு வருசம் வேலை பாத்துட்டு வந்தவன் நான். வாட், வோல்ட், ஆம்பியர்னா கொஞ்சம் புரியும். ஒக்காந்து படிச்சேன். படிக்கப் படிக்க அப்பா சொன்னதுதான் சரின்னு தெரிஞ்சுது.

விசயம் இதுதான். வெள்ளை எல்.இ.டி.ங்கிறது உண்மையில நீல எல்.இ.டி. அதுக்கு மேல மஞ்சள் பாஸ்பர் பூசியிருப்பாங்க. நீலமும் மஞ்சளும் கலந்து நம்ம கண்ணுக்கு வெள்ளையாத் தெரியுது. நல்ல நீல எல்.இ.டி. செய்யறதுதான் பல வருசம் யாராலயும் முடியாம இருந்தது. அதைச் செஞ்சதுக்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014-ல இயற்பியல் நோபல் பரிசு குடுத்தாங்க. பழைய குண்டு பல்பு ஒரு வாட்டுக்குப் பத்துப் பதினஞ்சு லுமன் வெளிச்சம் குடுக்கும். இன்னைக்கு நல்ல எல்.இ.டி. 100-க்கு மேல தாராளமாக் குடுக்குது. அது சாதாரண மாத்தம் இல்ல.

ஆனா மலிவான எல்.இ.டி.யில நீலம் தூக்கலா இருக்கும், சிவப்புப் பகுதி கம்மியா இருக்கும். பழுப்பு, செம்மண், சருகு, விரியன் இதையெல்லாம் கண்ணு பிரிச்சுப் பாக்க சிவப்பு வேணும். அது இல்லாட்டி எல்லாம் ஒரே சாம்பல். வெளிச்சம் நெறத்தை எவ்வளவு உண்மையாக் காட்டுதுங்கிறதுக்கு சி.ஆர்.ஐ.ன்னு ஒரு மார்க் இருக்கு. முழு மார்க் 100. பழைய குண்டு பல்பு கிட்டத்தட்ட 100 வாங்கும். பளீர்னு அடிக்கிற எல்.இ.டி. லைட்டு பலதும் 70 பக்கம்தான். அப்பாவோட அகல் வெளக்கு நெறத்துல ஃபர்ஸ்ட் கிளாஸ், அளவுலதான் ஃபெயில். என் லைட்டு அளவுல பாஸ், நெறத்துல கோட்டை விட்டுடுச்சு. ரெண்டும் சேந்த ஒண்ணு வேணும்.

அதுக்கப்புறம்தான் தேட ஆரம்பிச்சேன். எனக்கு என்ன வேணும்னு பழைய டைரி ஒண்ணுல வரிசையா எழுதினேன். அதை உங்களுக்கும் சொல்றேன். மலையேறப் போறவங்க, வீட்டுல வயசானவங்க இருக்கிறவங்க, யாருக்காவது பயன்படும்.

முதல்ல தூரம். பெட்டியில லுமன்னு போட்டிருக்கும். அது மொத்த வெளிச்சம். இன்னொண்ணு கேண்டலா. மோட்டார் நிமிசத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுதுங்கிறது லுமன். அதே தண்ணிய ஓஸ் வாயில கட்டைவிரல வச்சு அமுக்கித் தூரமாப் பீச்சி அடிக்கிறது கேண்டலா. லைட்டுக்கான ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 தரத்துல தூரம்ங்கிறது, வெளிச்சம் கால் லக்ஸா கொறையிற எடம். கால் லக்ஸ்னா ஏறக்குறைய பௌர்ணமி நெலா வெளிச்சம். அந்தக் கணக்குப்படி 200 மீட்டர் போக 10,000 கேண்டலா வேணும். 5 கிலோமீட்டர் போகணும்னா 62 லட்சத்து 50 ஆயிரம் கேண்டலா வேணும். கையடக்கமா 350 ரூபாய்க்கு அது கெடைக்குமான்னு நீங்களே யோசிச்சுக்குங்க. அதை விடுங்க, எனக்கு 5 கிலோமீட்டர் எதுக்கு? எங்க தோட்டத்தோட கடைசி வாழை 150 மீட்டர்ல இருக்கு. என் காலுக்கு ஆபத்து ரெண்டு மீட்டர்ல இருக்கு. ஊசி மாதிரி போற வெளிச்சம் வேண்டாம், பாய் விரிச்ச மாதிரி பரவுற வெளிச்சம் வேணும். உள்ள இருக்கிற ரிஃப்ளெக்டர் வழவழன்னு இருந்தா வெளிச்சம் தூரம் போகும். ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரன்னு இருந்தா ஒரே சீரா பரவும். ரெண்டாவதுதான் எனக்கு.

அடுத்தது நெறம். வெளிச்சத்தோட நெறத்தைக் கெல்வின்ல சொல்றாங்க. 6,500-ன்னா நீல வெள்ளை. 3,000-ன்னா பழைய பல்பு மஞ்சள். நான் எழுதினது 4,000-லருந்து 4,500. சி.ஆர்.ஐ. 90-க்கு மேல. இதுல ஒரு நட்டம் உண்டு. சி.ஆர்.ஐ. கூடினா அதே எல்.இ.டி.யில லுமன் கொஞ்சம் கொறையும். கடைக்காரங்க அதனாலதான் அதைப் பேசறதில்ல, லுமன் பெருசா இருந்தாத்தான பெட்டி விக்கும். ராத்திரிப் பூச்சிகளும் நீலம் தூக்கலான வெளிச்சத்துக்குத்தான் அதிகமா வந்து மொய்க்கும். இது நெசமான பூச்சி, பாம்பு இல்ல.

மூணாவது, வெளிச்சம் ஒரே சீரா நிக்கணும். என் பழைய லைட்டு முதல் பத்து நிமிசம் சூரியன், ஒரு மணி நேரத்துல மின்மினி. பெட்டியில போட்டிருக்கிற லுமன் சுவிட்ச் போட்ட கொஞ்ச நேரத்துல அளந்தது. 'ஓடும் நேரம்'ங்கிறது அந்த வெளிச்சம் பத்துல ஒரு பங்கா கொறையிற வரைக்கும். இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டா 1,000 லுமன் பல மணி நேரம் எரியற மாதிரி நமக்குத் தோணும். அப்படிக் கெடையாது. உள்ள இருக்கிற டிரைவர் சர்க்யூட் நல்லதா இருந்தா, செல்லுல வோல்ட் எறங்கினாலும் வெளிச்சத்தை எறக்காமப் புடிச்சு வச்சிருக்கும்.

பெரிய லைட்டை வாங்கிச் சின்னதா எரிக்கறதுதான் சிக்கனம். எல்.இ.டி.க்குக் கரண்ட் கம்மியாக் குடுத்தா ஒரு வாட்டுக்குக் கெடைக்கிற வெளிச்சம் கூடும். முழு வேகத்துல ஓட்டினா சூடாகி வீணாப் போகும். நான் போட்ட கணக்கு இது. 3,000 எம்.ஏ.எச். செல், 3.6 வோல்ட். பெருக்கினா 10.8 வாட் மணி. எல்லா நட்டமும் போக வாட்டுக்கு 100 லுமன்னு வச்சுக்கிட்டாலும், 120 லுமன்ல எரிச்சா 9 மணி நேரம் ஓடும். பதினொரு மணியிலருந்து விடியற வரைக்கும் போதும். வரப்புல நடக்க 120 லுமன் தாராளம்.

நாலாவது செல். உள்ளயே மூடி ஒட்டின பேட்டரி வேண்டாம். அது செத்தா லைட்டும் செத்துச்சு. கழட்டி மாத்துற 18650 செல் வேணும். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், அதனாலதான் அந்தப் பேரு. இதுல நல்ல கம்பெனி செல்லே 3,500 எம்.ஏ.எச். பக்கம்தான் வரும். 9,900-ன்னு போட்டு வித்தா தொடாதீங்க. உதிரிச் செல்லச் சில்லறைக் காசோட சேத்து சட்டைப்பையில போடாதீங்க. காசு பட்டு ஷார்ட் ஆனா நெருப்புதான்.

அஞ்சாவது சுவிட்ச். ஒரு கையில மண்வெட்டி, இன்னொரு கை சேறு. ஒரு தடவை அமுக்கினா எரியணும், இன்னொரு தடவை அமுக்கினா அணையணும். கடைசியா எந்த வெளிச்சத்துல விட்டமோ அதுலயே எரியணும். பளிச் பளிச்னு அடிக்கிற ஸ்ட்ரோப் கைக்கு எட்டாத எடத்துல இருக்கணும். வெரியன் முன்னால நிக்கும்போது லைட்டு டிஸ்கோ ஆடக்கூடாது. ஒரு லுமனுக்கும் கீழ எரியற நெலா வெளிச்ச மோடு இருந்தா, கட்டுத்தரையில சினை மாட்டை எழுப்பாமப் பாத்துட்டு வரலாம். தண்ணிக்கு ஐ.பி.எக்ஸ். 7 அல்லது 8. வாய்க்கால்ல விழாம ஒரு லைட்டு இருக்குமா?

நெத்தியில மாட்டுற லைட்டு ஏன் வேண்டாம்னு கேப்பீங்க. கை ரெண்டும் சும்மா இருக்கும்தான். ஆனா கண்ணும் வெளிச்சமும் ஒரே எடத்துல இருந்தா நெழல் தெரியாது. நெழல் இல்லாட்டி மேடு பள்ளம் தெரியாது, தரை பூராவும் படம் வரஞ்ச மாதிரி தட்டையாத் தெரியும். இடுப்பு ஒசரத்துல புடிச்சா சருகுக்கு ஒரு நெழல், கல்லுக்கு ஒரு நெழல், பூச்சிக்கு ஒரு நெழல்னு தனித்தனியா விழும். மார்கழிப் பனியில கண்ணு மட்டத்துலருந்து அடிச்சா வெளிச்சம் பனியில பட்டு நம்ம மூஞ்சிக்கே திரும்பும்.

இப்படி ஒரு மாசம் தேடி, ஒண்ணு கெடைச்சுது. விலை 2,400 ரூபாய். அம்மா மட்டும்தான் பில்லப் பாத்தாங்க. பத்து நாள் பால் காசுன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்பாகிட்ட வெலையச் சொல்லாத சாமி, தொடமாட்டாரு"ன்னாங்க.

ஏன்னா உண்மையில அது எனக்கு வாங்கினது இல்ல. அப்பாவுக்கு 72 வயசு. ஒரு கண்ணுல பொறை எடுத்தாச்சு, இன்னொண்ணு பாக்கி. ராத்திரித் தண்ணிக்கு நீங்க வரவேண்டாங்கப்பான்னா கேக்கமாட்டார். முன்ராத்திரி நான், பின்ராத்திரி அவர்னு பங்கு போட்டுக்குவார். விரியன் என் காலடியில சீறின ராத்திரி நான் மோட்டார் ரூம் திண்ணையில உக்காந்து நெனச்சது ஒண்ணுதான். எனக்குக் காது கேட்டுது, நின்னுட்டேன். அவருக்கு இப்போ காதும் மந்தம்.

அன்னைக்குச் சாயங்காலம் இருட்டினதும் கூட்டிட்டுப் போனேன். "அப்பா, இதைப் புடிச்சுப் பாருங்க."

கையில வாங்கி எடை பாத்தார். "என்னடா இது, வெண்டக்கா மாதிரி இருக்குது. ஒரு அடி அடிக்கக்கூட ஆவாது." மூணு கட்டை லைட்டுங்கிறது அவருக்கு லைட்டு மட்டும் இல்ல, தடியும் அதுதான்.

வாழை அடியில வெளிச்சத்த அடிச்சார். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. குனிஞ்சு ஒரு சருகை எடுத்துப் பாத்தார். பக்கத்துல செம்மண்ணுல அடிச்சார். தோள்ல கெடந்த சிவப்புத் துண்டைக் கீழ போட்டு அதும்மேல அடிச்சார். பொறை எடுக்காத கண்ணை மூடிக்கிட்டு ஒரு தடவை பாத்தார். அப்புறம் கேட்டார்.

"என்ன வெலை?"

"முந்நூறு ரூவாங்கப்பா."

"முந்நூறு ரூவாய்க்கு இப்பிடிக் கெடைக்குதா? அப்பறம் எதுக்கு அந்த நீலக் கருமத்த 350 குடுத்து வாங்குன?"

பதில் சொல்ல முடியல. அதோட விட்டாரா? "மாப்பிள்ளைக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்துரு. கடி வாங்குனவன், பாவம். காசு நான் வாங்கித் தர்றேன்"ன்னு சொல்லிட்டு, அடுத்த நாள் காலையில பக்கத்துத் தோட்டத்து மாமாகிட்ட இருந்து மூணு நூறு ரூபா நோட்டை எண்ணி வாங்கி என் கையில குடுத்தார். நான் அந்த முந்நூறோட இன்னும் 2,100 போட்டு ரெண்டாவது லைட்டையும் வாங்கினேன். அம்மா அடுப்படியில முந்தானைய வாயில வச்சுக்கிட்டு சிரிச்சாங்க. இன்னும் மூணு பேர் விலை கேட்டிருக்காங்க. ஸ்டாக் தீந்துபோச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

ஒண்ணு சொல்லணும். எந்த லைட்டும் கடியத் தடுக்காது. முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போடணும், கையில தடி வேணும், தரையத் தட்டிக்கிட்டே நடக்கணும். கடிச்சுட்டா கயிறு கட்டாம, கீறி விடாம, மந்திரிக்கப் போகாம, வெசமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடணும். லைட்டு செய்யறது ஒண்ணுதான், பாத்து நடக்க விரும்புறவனுக்குப் பாக்க ஒரு வாய்ப்புக் குடுக்குது.

அப்பா இப்போ அதைக் கயிறு கட்டிக் கழுத்துல மாட்டிக்கிறார். மூணு கட்டை லைட்டுல செல்ல உருவிட்டு, துடைச்சு, அதே தலமாட்டுல வச்சிருக்கார். அடிக்க ஆகுமாம்.

பின்ராத்திரியில எனக்கு முழிப்பு வந்துடுது. ஜன்னல் வழியாப் பாத்தா வாழைக்குள்ள ஒரு வெளிச்ச வட்டம் மெதுவாப் போகும். அந்தப் பக்கம் மாமா தோட்டத்துல இன்னொண்ணு. சில நேரம் அப்பாவோட வட்டம் ஒரே எடத்துல நின்னுடும். மடை திருப்புறாரா, வேற ஏதாவதான்னு தெரியாது. மூச்ச அடக்கிக்கிட்டு நிப்பேன். அது மறுபடி நகர ஆரம்பிச்ச பிறகுதான் வந்து படுப்பேன்.